கரைக்கு ஏற்ற படகு

கரிசல்காட்டுப் பாளையம்பட்டிக்காரர்களுக்குப் படகைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். திருச்சுழி வழியாகப் போகிற நம்ம குண்டாறு மூக்கையூர்ப் பக்கம்தான் கடலைத் தொடுகிறது. கடற்கரைக்காரர்கள் படகை மாற்றிய கதையில் நமக்கும் பாடம் இருக்கிறது.

கலப்பைக்குக் கொழு எப்படியோ, படகுக்கு அடிப்பாகம் அப்படி. கட்டுமரம் என்பது சில மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது. மேலே விழுகிற அலைத்தண்ணீர் இடுக்கு வழியே இறங்கிவிடும்; அதனால் மூழ்காது. துறைமுகம் இல்லாத மணற்கரையில் சுலபமாக இறங்கும், ஏறும். ஆனால் எஞ்சினை உள்ளே வைக்க அதில் குழிவு ஏது?

1952-ல் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் ஒப்பந்தம் செய்தன. மறுவருஷம் கொல்லத்துக்குப் பக்கம் நீண்டகரையில் வேலை ஆரம்பமாச்சு. குழிந்த அடிப்பாகமும், ஏரா என்கிற நீண்ட அடிக்கட்டையும் உள்ள எஞ்சின் படகுகள் வந்தன. ஏராவுக்குப் பின்னால் விசிறி சுழலும். கடலில் நல்லாத்தான் ஓடிச்சு. மணலில் ஏற்றினால் விசிறி தரையில் இடிக்கும். ஆகையால் துறையோ கழிமுகமோ உள்ள ஊர்தான் முழுப்பலன் கண்டது. இறால் ஏற்றுமதிப் பணமும் அங்கேதான் சேர்ந்தது. திறந்த கரைக்காரர்கள் துடுப்பும் பாயுமாகவே இருந்தார்கள்.

மேல்நாட்டுக் கம்பெனிகளின் கவனம் வேகத்தில் இருந்தது. 1960-ல் மயாமி–நாசோ பந்தயத்தில் ரே ஹன்ட் வடிவமைத்த ஆழமான ‘வி’ வடிவப் படகு அலையைக் கிழித்துக்கொண்டு ஜெயித்தது. வேகப்படகு செய்கிறவர்கள் பலரும் அந்த வடிவத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மணலில் இழுத்து ஏற்றுகிறவருக்கு அதனால் என்ன லாபம்?

அவர்களுக்கான வேலை 1979-ல் சென்னையில் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தில் நடந்தது. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் திட்டம் அது. அடிப்பாகத்தைத் தட்டையாக்கி, கரை நெருங்கும்போது எஞ்சினும் தண்டும் விசிறியும் சேர்ந்தே சாய்ந்து மேலெழும்படி செய்தார்கள். 1980-களில் குமரி மாவட்டம் முட்டத்தில் ஒட்டுப்பலகையால் லேசான படகு கட்டினார்கள். பின்னால் மாட்டுகிற மோட்டாரைக் கரை வந்ததும் தூக்கிவிடலாம். பிறகு கண்ணாடியிழைப் படகு வந்தது. 2004 சுனாமிக்குப் பின் அதுவே கரையெங்கும் பெருகியது.

பாத்தீங்களா? எஞ்சின் வந்ததும் எல்லாருக்கும் பிழைப்பு வந்துவிடவில்லை. அடிப்பாகம் கரைக்கு ஒத்துவந்த பிறகுதான் வந்தது. நம்ம ஊருக்குப் புதுக் கருவி வந்தாலும், எத்தனை குதிரைச் சக்தி என்று கேட்பதற்கு முன்னால், இந்தக் கரிசலுக்கும் மழைக்கும் ஒத்துவருமா என்று கேளுங்கள்.