மிசிசிப்பியின் ஆக்ஸ்போர்டு

ஆக்ஸ்போர்டு என்றதும் நம் நினைவுக்கு வருவது இங்கிலாந்தின் பழம்பெரும் கல்வி நகரமே. அப்பெயர் தாங்கிய சிற்றூர் ஒன்று அமெரிக்காவின் தென்மாநிலமாகிய மிசிசிப்பியிலும் உண்டு. பல்கலைக்கழகம் ஒன்று தம் ஊரை நாடி வரவேண்டும் என்னும் ஆவலால், 1837-இல் ஊரை அமைத்தோர் இட்ட பெயர் அது. ஆவலும் நிறைவேறிற்று. 1841-இல் மாநிலச் சட்டமன்றம் ஒரே வாக்கு மிகுதியால் இவ்வூரைத் தேர்ந்தது. 1848-இல் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது.

ஊர் எழுந்த நிலம் சிக்கசா என்னும் பழங்குடியினருக்கு உரியது. 1832-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பயனாக அவர்கள் தம் மண்ணை இழந்து மேற்றிசை சென்றனர். அம்மண்ணில் பருத்தி விளைந்தது. அதை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்க வழிவந்த அடிமைகள். உள்நாட்டுப் போரின்போது, 1864-இல், வடபுலப் படையினர் ஊரின் நடுச் சதுக்கத்தைத் தீக்கிரையாக்கினர். நம் ஊர்களில் கோயிலைச் சூழ்ந்து வீதிகள் அமைவதுபோல, அங்கே நீதிமன்றத்தைச் சூழ்ந்து கடைத்தெருக்கள் அமைந்துள்ளன. போருக்குப் பின் புதிதாகக் கட்டிய அந்நீதிமன்றமே இன்றும் ஊரின் நடுநாயகம். சுற்றிலும் செம்மண் குன்றுகளும் காடுகளும் பரந்து கிடக்கின்றன.

இச்சூழலைக் கதைப்பொருளாக்கியவர் வில்லியம் ஃபாக்னர். சிறுவனாக 1902-இல் இங்கு வந்த அவர், 1930-இல் தேவதாரு மரங்கள் நிழல் செய்யும் பழைய மாளிகை ஒன்றை வாங்கிக் குடியேறினார். ஆக்ஸ்போர்டை 'ஜெபர்சன்' என்று பெயர் மாற்றித் தம் புதினங்களில் நடமாடவிட்டார். 1949-ஆம் ஆண்டிற்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பள்ளி ஆசிரியையாக இருந்து, ஐம்பது வயதுக்கு மேல் தூரிகை பிடித்துத் தம் இளமை நினைவுகளையும் கனவுகளையும் தீட்டிய தியோரா ஹாம்பிளெட் என்னும் ஓவியரும் இவ்வூரில் வாழ்ந்தவரே.

ஃபாக்னரின் புதினம் ஒன்று 1949-இல் இவ்வூரிலேயே திரைப்படமாயிற்று. கொலைப் பழி சுமத்தப்பட்ட கறுப்பின முதியவர் ஒருவரை, ஆத்திரங்கொண்ட கூட்டத்திடமிருந்து காக்கும் கதை அது. அக்கூட்டமாக நின்று நடித்தோர் ஊர்மக்களே. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அக்கதையின் நிழல் உண்மையாகவே ஊரின்மீது படிந்தது. 1962 ஜூலை 6-இல் ஃபாக்னர் மறைந்தார். செப்டம்பர் 30-ஆம் நாள் இரவு, ஜேம்ஸ் மெரிடித் என்னும் கறுப்பின மாணவர் பல்கலைக்கழகத்தில் சேர்வதை எதிர்த்து, உள்ளூரிலும் வெளியூரிலுமிருந்து திரண்ட கூட்டம் கலகம் விளைத்தது. பிரெஞ்சுச் செய்தியாளர் ஒருவர் உட்பட இருவர் உயிரிழந்தனர். மறுநாளே, கூட்டாட்சி அரசின் படைக்காவலுடன் மெரிடித் சேர்ந்தார். 1963-இல் பட்டமும் பெற்றார்.

கல்வியை விரும்பிப் பெயர் சூடிய ஊர், அக்கல்வியின் வாயில் யாவர்க்கும் உரியது என ஏற்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 2006-இல் மெரிடித்தின் சிலை பல்கலைக்கழக வளாகத்தில் நிறுவப்பெற்றது. ஊரைக் காணச் செல்வோர் ஃபாக்னரின் இல்லத்தை நாடுவது இயல்பு. அச்சிலையின் முன்பும் சிறிது நின்றால்தான் அவ்வூரின் வரலாறு முழுமையாக விளங்கும்.