செவித்திறன் குறையுடையோரும் நிகழ்பட ஆட்டங்களும்

வீடியோ கேம் எனப்படும் நிகழ்பட ஆட்டங்களைச் செவித்திறன் குறையுடையோரும் மற்றவர்களைப் போல ஆட வேண்டுமானால், ஒலியாக வரும் செய்தி எழுத்தாகவோ படமாகவோ அதிர்வாகவோ கிடைக்க வேண்டும். இந்த வசதி தொடக்கத்தில் இயல்பாகவே இருந்தது, இடையில் குறைந்தது, பின்னர் முயன்று மீட்கப்பட்டது.

எழுத்திலிருந்து குரலுக்கு

1972இல் வெளிவந்த பாங் ஆட்டத்தில் பந்து மட்டையில் படும்போது சிறு ஒலி எழும். அது கேட்காவிட்டாலும் பந்து திரையில் தெரியும். 1980இல் விற்பனைக்கு வந்த சோர்க் முழுவதும் எழுத்தாலானது. 1990களில் குறுந்தகடு பரவி, பதிவுசெய்த குரலுக்கு இடம் கிடைத்ததும் கதையும் குறிப்புகளும் பேச்சுக்கு மாறின.

2004இல் வெளியான டூம் 3 ஆட்டத்தில் வசன வரிகள் இல்லை. பூட்டிய பெட்டிகளைத் திறக்கும் எண்கள் சில குரல் பதிவுகளில் சொல்லப்பட்டன. கேட்க முடியாதவர் அவற்றைத் தவறவிட்டார். பின்னர் ஆர்வலர்களே அதற்கு வசன வரிகளை உருவாக்கி வெளியிட்டனர். அதே ஆண்டில் வந்த ஹாஃப்-லைஃப் 2, பேச்சுடன் பிற ஒலிகளையும் எழுத்தில் காட்டும் வசதியைக் கொண்டிருந்தது.

படமும் அதிர்வும்

பலர் சேர்ந்து ஆடும் துப்பாக்கி ஆட்டங்களில், எதிரியின் காலடி ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை அறிவது முக்கியம். 2018இல் போர்ட்நைட்டின் கைபேசிப் பதிப்பு, காலடியையும் துப்பாக்கி ஓசையையும் திசையுடன் திரையில் குறிகளாகக் காட்டியது. தமிழ்நாட்டு இளைஞரிடையே பரவிய பப்ஜி மொபைலும் சிறு வரைபடத்தில் இத்தகைய குறிகளைக் காட்டியது. காதொலிப்பான் இல்லாமல் ஆடுவோருக்கும் இவை உதவின.

2022இல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1, வசனங்களைக் கைக்கருவியின் அதிர்வாகவும் உணர்த்தியது. தொடுகையால் செய்தி சொல்லும் முறை காயல்பட்டினம், தூத்துக்குடி அடங்கிய முத்துக்குளித்துறைக்குப் புதியதன்று. கடலடியிலிருந்து குரல் கொடுக்க முடியாத குளியாளிகள் கயிற்றை இழுத்தே தம்மை மேலே தூக்கச் சொன்னார்கள். படகிலிருந்தவர் அக்கயிற்றைப் பிடித்தபடி காத்திருப்பார்.

தமிழ் வரிகள்

இந்தியாவில் 2015இல் இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் டெல்லியில் அமைக்கப்பட்டது. 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. காயல்பட்டினத்துக்கு அண்மையிலுள்ள பாளையங்கோட்டையில் ஃபுளோரன்ஸ் சுவைன்சன் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே கல்வி அளித்து வருகிறது.

ஆனால் பெரிய ஆட்டங்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் வசன வரிகள் இல்லை. கனடாவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட வெண்பா, புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதையைக் குரல் நடிப்பின்றி எழுத்து உரையாடல்களால் சொல்கிறது. இத்தகைய ஆட்டங்கள் அரிது. சைகை மொழியில் பேசி, தமிழில் எழுதப் படிக்கக் கற்ற ஒருவருக்கு ஆங்கில வரிகள் மட்டும் தோன்றினால், ஒலி எழுத்தாகியும் பொருள் முழுமையாகச் சென்று சேர்வதில்லை. எனவே வசன வரி இருக்கிறதா என்பதுடன், அது ஆடுபவர் படிக்கும் மொழியில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.