இணையவழிப் படிப்பு: சேர்வது எளிது, முடிப்பது எப்படி?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ கல்லூரியில் படிக்கும் மகள் "என்பிடெல் கோர்ஸ் சேர்ந்திருக்கிறேன்" என்று சொன்னால், வீட்டில் பலருக்கு அது என்னவென்று விளங்குவதில்லை. போனும் கையுமாக இருக்கும் பிள்ளை படிக்கிறதா, பொழுதைப் போக்குகிறதா என்ற சந்தேகம்தான் மிஞ்சுகிறது.

என்பிடெல் என்பது ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய திட்டம். 2014 முதல் சான்றிதழும் தருகிறார்கள். இன்று அதன் பாடங்கள் மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் கிடைக்கின்றன. பொறியியல் மட்டுமல்ல, ஆங்கிலம், உளவியல், பொருளாதாரமும் உண்டு. ஜனவரி, ஜூலை என இரண்டு பருவங்கள். படிக்கக் கட்டணமில்லை, தேர்வுக்கு மட்டும் உண்டு.

இலவசம் என்பதாலேயே சேர்ந்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். இது நம் ஊர்க் குறை மட்டுமல்ல. ஹார்வர்டும் எம்ஐடியும் தங்கள் முதல் 17 இணையப் பாடங்களை ஆராய்ந்து 2014-ல் வெளியிட்ட கணக்கில், 8,41,687 பதிவுகளுக்குச் சான்றிதழ் பெற்றவை 43,196 மட்டுமே.

மதரஸாவில் அன்றாட சபக்கை ஒப்பிக்காமல் உஸ்தாத் விடமாட்டார். இங்கே அப்படிக் கேட்க ஆளில்லை. வாராவாரம் வரும் அசைன்மென்ட்தான் உஸ்தாத். கெடு தாண்டினால் அந்த வார மதிப்பெண் போனதுதான். பலர் தவறவிடுவது இந்த இடத்தில்தான்: மொத்த மதிப்பெண்ணில் 25 அசைன்மென்டுக்கு, 75 தேர்வுக்கு. 25-க்கு 10, 75-க்கு 30 என்று இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். தேர்வில் 70 வாங்கிய பிள்ளையும் அசைன்மென்டில் 9 என்றால் சான்றிதழ் பெற முடியாது.

12 வாரப் பாடத்தில் சிறந்த 8 வாரங்களை மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள். அந்த 4 வாரச் சலுகையை ஆரம்பத்திலேயே சோம்பலில் செலவழித்துவிடக் கூடாது. தற்போது ரமளான் ஜனவரி பருவத்திற்குள் வருகிறது. கடைசிப் பத்து நாட்களுக்கும் கல்லூரித் தேர்வுக்கும் அது கைகொடுக்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஃபஜ்ருக்குப் பின் ஒரு மணி நேரம் போதும் என்பது என் கருத்து. பாட வீடியோக்கள் சிறு சிறு துண்டுகளாகத்தான் இருக்கும். பார்த்தால் மட்டும் பற்றாது, நோட்டில் எழுத வேண்டும். ஆங்கிலம் சிரமமென்றால், சில பாடங்களின் உரைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு தளத்திலேயே இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் மகளைச் சமையலறைக்குக் கூப்பிடாமல் இருப்பது தாய்மார்கள் செய்யும் பெரிய உதவி. மகனைக் கடைக்கு அனுப்புவதும் அப்படித்தான், ஆனால் அவனை யாரும் அவ்வளவு கூப்பிடுவதில்லை!

இன்னொன்று, பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. இரண்டாவதற்குத் தனிக் கெடு உண்டு. அப்போது பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுத வேண்டும். நம் பிள்ளைகளின் 'முஹம்மது' ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங், மதிப்பெண் பட்டியலில் ஒரு ஸ்பெல்லிங் என்றிருக்கும். அதை முன்கூட்டியே சரிபாருங்கள்.

தேர்வை வீட்டிலிருந்து எழுத முடியாது, மையத்திற்கு நேரில் போக வேண்டும். ஊரைப் பதிவின்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். மதுரை கிடைத்து, காலை 9 மணித் தேர்வு என்றால் ஃபஜ்ர் தொழுத கையோடு பஸ் ஏற வேண்டியிருக்கும். மகளோடு யார் போவது என்பதை அன்றைக்கே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.