படைத்தலும் கரைத்தலும்

மழை ஓய்ந்து, வானம் தெளிந்து, ஆற்றங்கரைகளில் நாணல் வெண்பூச் சூடி நிற்கும் பருவத்தை வங்காளத்தில் சரத் காலம் என்பர். அப்பருவத்தின் பெருவிழா துர்க்கா பூசை. கொல்கத்தாவிலும் ஜாம்ஷெட்பூரிலும் தில்லியிலும் வாழும் தமிழ் அன்பர்கள் பலர் பந்தலில் எழுந்தருளும் அன்னையைக் கண்டிருப்பார்கள். தசமியன்று அதே திருவுருவம் நீரில் இறக்கப்படுவதையும் கண்டிருப்பார்கள். பல திங்கள் உழைத்துச் சமைத்த எழிலுருவை ஐந்தாம் நாளில் ஆற்றில் விடுவானேன் என்னும் வினா நம்மவர் உள்ளத்தில் எழுவது இயல்பே. அதற்கு விடை தேடினால், படைப்பு என்பதன் இயல்பும் ஓரளவு நமக்கு விளங்கும்.

இவ்வுருவங்கள் பெரும்பாலும் பிறக்கும் இடம், வட கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றையொட்டி அமைந்த குமார்துலி. குயவர் குடியிருப்பு என்பதே அப்பெயரின் பொருள். நதியா மாவட்டத்துக் கிருஷ்ணநகரிலிருந்து வந்த குயவர் மரபினர் பலர் இங்கே குடியேறினர். 1947-இல் நாடு பிரிந்தபோது கிழக்கு வங்காளத்துக் கைவினைஞரும் வந்து சேர்ந்தனர். பூசை முதலில் செல்வர் மாளிகைகளில் நடந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் குப்திபாடா என்னும் ஊரில் பன்னிரு நண்பர் பொருள் திரட்டி நடத்திய பூசையிலிருந்து பொதுப்பூசை கிளைத்தது என்பர். இருபதாம் நூற்றாண்டில் அது தெருவுக்குத் தெரு பந்தலிட்டு யாவரும் கொண்டாடும் விழாவாக விரிந்தது.

இனி, உருவம் உருவாகும் முறையைப் பார்ப்போம். ஆடித் திங்களை ஒட்டி வரும் ரத யாத்திரை நாளில், மூங்கிலும் மரமும் கொண்ட சட்டத்துக்குப் பூசை செய்வது மரபு. சட்டத்தின்மேல் வைக்கோலைச் சணற்கயிற்றால் இறுகக் கட்டி உடலை அமைப்பர். அதன்மேல் உமி கலந்த களிமண்ணையும், பின்னர் நுண்ணிய மண்ணையும் பூசுவர். முகமும் விரல்களும் தனியே செய்து பொருத்தப்பெறும். அது மழைக்காலமாதலால் ஈரம் உலர்வது அரிது. தீச்சுடர் காட்டி உலர்த்துவதும் உண்டு. கடைசியாக எழுதப்பெறுவன கண்கள். மகாளய அமாவாசையன்று கண் திறப்பது தொன்று தொட்டு வரும் வழக்கம். அதுவரை கலைஞன் கைப்பொருளாக இருந்தது, அதன்பின் அவனையே நோக்கும் உருவமாகிவிடுகிறது. சப்தமியன்று உயிர்ப்பு வேள்வி நிகழ்ந்தபின் அது வழிபடு தெய்வம்.

மண்ணெடுப்பதிலும் ஒரு நுட்பமான மரபு உண்டு. சமுதாயம் ஒதுக்கிவைத்த கணிகையர் வாயிலிலிருந்தும் ஒரு பிடி மண் பெற்றுச் சேர்க்க வேண்டும் என்பது அம்மரபு. நம் தென்பாண்டி, சோழ நாட்டு ஊர்களில் ஐயனாருக்குப் புரவி எடுக்குமுன், ஊரார் பிடிமண் எடுத்து வேளாரிடம் அளிப்பதை இங்கே நினைவு கூரலாம். இரண்டு முறைகளும் உணர்த்துவது ஒன்றே: தெய்வ உருவுக்கு மண் தருவது ஊர், கலைஞன் அதற்கு வடிவம் தருகிறான்.

இவ்விழாவின் கதையிலும் கண்ணே நடுநாயகம். பதினைந்தாம் நூற்றாண்டில் கிருத்திவாசர் இயற்றிய வங்க இராமாயணத்தில், இராவணனை வெல்ல விழைந்த இராமன், வசந்தத்தில் வழிபடற்குரிய தேவியை அகாலத்தில், அதாவது சரத் காலத்தில், எழுப்பி வழிபடுகிறான். நூற்றெட்டு நீலத் தாமரையில் ஒன்று குறைகிறது. அதற்கு ஈடாகத் தன் கமலக் கண்ணையே பறித்தளிக்க முற்படுகிறான். தேவி தோன்றித் தடுக்கிறாள். வால்மீகியில் இல்லாத இந்நிகழ்ச்சி நமக்கு அயலானதன்று. ஆயிரம் மலரில் ஒன்று குறையத் திருமால் தம் கண்ணை இடந்து சிவபெருமானுக்குச் சாத்திய வரலாற்றைத் திருவீழிமிழலைத் தலபுராணம் கூறுகிறது. தன்னிடம் உள்ளவற்றுள் அரியதைக் கொடுத்தாலன்றி வழிபாடு நிறைவுறாது என்னும் கருத்து இரண்டுக்கும் பொது.

பூசையில் உருவத்தினும் பழமையான ஒன்றும் இடம்பெறுகிறது. வாழை, சேம்பு, மஞ்சள், வில்வம், மாதுளை, அசோகு, நெல் முதலிய ஒன்பது செடிகளை ஒன்றாகக் கட்டி, சப்தமிக் காலையில் ஆற்றில் நீராட்டி, சேலை உடுத்தி, பிள்ளையார் அருகே நிறுத்துவர். நவபத்திரிகை என்பது அதன் பெயர். உழவர் தம் விளைச்சலையே தாயாகக் கண்ட காலத்தின் நினைவு இது. விளைவதும் வாடுவதும் மீண்டும் முளைப்பதும் பயிரின் இயற்கை. அவ்வியற்கையை மண்ணுருவமும் மேற்கொள்கிறது.

தசமியன்று நடப்பதை விசர்ஜனம் என்பர். சிருஷ்டி, விசர்ஜனம் என்னும் இரு வடசொற்களும் 'ஸ்ருஜ்' என்ற ஒரே வேரிற் பிறந்தவை. விடுதல், வெளிப்படுத்தல் என்பது அவ்வேரின் பொருள். உள்ளத்தில் இருப்பதை வெளியே விடுவது சிருஷ்டி. வெளியே உள்ளதை நீரில் விடுவது விசர்ஜனம். தமிழிலும் 'படைத்தல்' என்னும் சொல் ஆக்குதலையும், இறைவன்முன் வைத்து அளித்தலையும் ஒருங்கே குறிக்கும். படைப்பவன் தன் படைப்பைத் தனக்கென வைத்துக்கொள்வதில்லை என்பதை இரு மொழிகளும் அறிந்திருக்கின்றன.

எனினும் எல்லாம் கரைந்துவிடுவதில்லை. மண் கரைந்தபின் மூங்கிற் சட்டங்களை ஆற்றிலிருந்து மீட்டு மறுபடியும் பயன்படுத்துகின்றனர். கலைஞன் கைத்திறனும் கரைவதில்லை. ஆண்டுதோறும் புதுக்க வேண்டியிருப்பதால் அது துருப்பிடிக்காமல் இருக்கிறது. மாற்றங்களுக்கும் இடமுண்டு. ஒரே வளைவின்கீழ் நின்ற தேவியையும் மக்களையும் தனித்தனி உருவங்களாகப் பிரித்தமைக்கும் முறை 1930-களில் கோபேசுவர் பால் என்னும் சிற்பியால் பரவியது.

ஆனால் மாற்றத்தை மக்கள் எப்போதும் ஏற்பதில்லை. மகாளய விடியலில் வானொலியில் ஒலிக்கும் 'மகிஷாசுரமர்த்தினி' நிகழ்ச்சியில் பிரேந்திர கிருஷ்ண பத்ரரின் குரல் பல்லாண்டுகளாக நிலைபெற்றிருந்தது. 1976-இல் அதற்கு மாற்றாக வேறொரு நிகழ்ச்சி ஒலிபரப்பானபோது நேயர்கள் கொதித்தெழுந்தனர்; பழைய நிகழ்ச்சி மீண்டும் வந்தது. ஆண்டுதோறும் உருவத்தை நீரில் விடத் துணிந்த அதே மக்கள், அக்குரலை விடத் துணியவில்லை.

2021-இல் யுனெஸ்கோ கொல்கத்தாவின் துர்க்கா பூசையை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கல்லோ கட்டடமோ அப்பட்டியலுக்கு உரியன அல்ல. செய்யும் முறையும் அதை அறிந்த மக்களுமே உரியர். குமார்துலிச் சந்துகளில் மழைக்கும் கடனுக்கும் நடுவே வேலை செய்யும் குடும்பங்களின் பிள்ளைகள் இத்தொழிலைத் தொடர்வார்களா என்பதில்தான் அம்மரபின் எதிர்காலம் அடங்கியிருக்கிறது. பரிசு பெற்ற உருவங்கள் சிலவற்றைக் கரைக்காமல் காட்சிக்கூடத்தில் வைத்துக் காப்பது நன்றே. ஆயினும் அடுத்த ஆண்டு மண் பிசையும் கையைக் காப்பதே முதற்கடமை.

நாம் நவராத்திரிக் கொலுவில் பாட்டியார் காலத்துப் பொம்மைகளைப் பேணி வைக்கிறோம்; வங்காளியர் தம் அன்னையை நீருக்கு அளித்துவிட்டு, அடுத்த ஆண்டு மீண்டும் வருக என்று அழைக்கிறார்கள். பிறந்த ஊரை விட்டு வந்த நம்மோடு எல்லாப் பொம்மைகளும் வந்திருக்க முடியாது. கொலுப்படி கட்டவும், கோலமிடவும், பாடவும் நம் பிள்ளைகளுக்குக் கற்பித்திருந்தால், பேணவேண்டியது நம்மிடம் பத்திரமாகவே இருக்கிறது.