மாநாட்டு மேடையும் மலைத்தோட்டமும்

1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அம்மலைச் சரிவுகளில் உழைத்தவர்களுள் தமிழர் பலர். அங்குள்ள தமிழ்ப்பள்ளிகள் சில இன்றும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அம்மக்கள் வாழும் இதே நாட்டில்தான், 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை, முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது.

மாநாடு என்றதும் பந்தலும் ஊர்வலமும் பொன்னாடையுமே நம் கண்முன் தோன்றுகின்றன. தனிநாயகம் அடிகளார் வேறு வழியில் தொடங்கினார். 1964 சனவரியில் கீழைத்தேயவியல் அறிஞர்கள் புதுதில்லியில் கூடியிருந்தபோது, அவர்களைக் கொண்டே உலகத் தமிழாராய்ச்சி மன்றம் நிறுவப்பட்டது. பிரெஞ்சு அறிஞர் பிலியோசா தலைவரானார். முதலில் அறிஞர் குழு. பிறகே இடமும் நாளும். அடிகளார் தலைமையேற்றிருந்த மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறை, அப்பணிக்கு ஊன்றுகோலாயிற்று. துங்கு அப்துல் ரகுமான் தொடக்கி வைத்தார். ஆயினும் மாநாட்டின் உயிர் கட்டுரை வாசிப்பிலும் விவாதத்திலும் இருந்தது. அக்கட்டுரைகள் பின்னர் இரு பெருந்தொகுதிகளாக அச்சேறின. கைத்தட்டல் அடங்கிய பின்னும் எஞ்சுவது அத்தகைய அச்சுத்தொகுதியே என்பது நம் துணிபு. 1968இல் சென்னையில் கூடிய இரண்டாம் மாநாட்டை நினைவுகூர்வோர் பலர், மெரினாவில் எழுந்த சிலைகளையே முதலில் சொல்வர்!

ஆனால் எட்டு நாள் மாநாட்டுக்கு நாள்கூலித் தொழிலாளி எங்ஙனம் வருவார்? வந்தாலும், பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்த விவாதம் அவருக்கு எட்டியிராது. ஆராய்ச்சி மாநாட்டை அதற்காகக் குறைகூறுதல் முறையன்று. எனினும், ஆராய வேண்டிய தமிழின் ஒரு பகுதி அவர் நாவில்தான் இருந்தது. காலையில் பெயர் கூப்பிடும் ‘பெரட்டு’, கணக்கெழுதும் ‘கிராணி’, வரிசை வீடாகிய ‘லயம்’ ஆகிய சொற்கள் தோட்ட வாழ்வில் புழங்கியவை. இன்று கொழுந்து பறிப்போருள் வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர் பலர். தோட்டத் தமிழரின் பிள்ளைகளோ நகரங்களில் குடியேறிவிட்டனர். முதியோர் சிலரே எஞ்சியுள்ளனர்.

ஆதலின், இந்நாட்டில் இனி நடைபெறும் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டின் ஓர் அமர்வையேனும் கேமரன் மலைத் தோட்டப் பள்ளியொன்றில், வேலை இல்லாத நாளில், தமிழிலேயே நடத்துதல் வேண்டும். அன்று முதியோர் பேசட்டும், ஆய்வாளர் குறிப்பெடுக்கட்டும்.