இறங்கின இடத்துல ஏறின வண்டி

போன மாசம் அக்கா மகன் வந்திருந்தான். கல்லூரியில் படிக்கிறவன். வாசலில் நின்ற பழைய புல்லட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மாமா, இதை எடைக்குப் போட்டா இன்னா வரும்? தவணையில புதுசு ஒண்ணு எடுத்துக்கலாம் இல்ல?"

எடைக்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வண்டி எங்கள் சேரி வாசலில் எப்படி உருவாச்சு என்பது அவனுக்குத் தெரியாது. குற்றம் அவனுடையதில்லை, நாங்கள் சொல்லவில்லை. ராசாக்கள் ஏறின யானையும் தேரும் பாடப் புத்தகத்தில் இருக்குது. நாம ஏறின வண்டிக்கு யாரும் பாடம் எழுதல. அதனால் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் பாலாற்றங்கரையில் இருக்கிறது. தோல் பதனிடும் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி. பட்டாளத்துக்கு ஆள் போன பகுதியும்கூட. என் பெரியப்பா 1958-ல் பட்டாளத்தில் சேர்ந்தார். பதினைந்து வருசம் வண்டிப் பட்டறையில் மெக்கானிக் வேலை. அவர் கையில் அதிகம் புழங்கியது புல்லட்.

அந்த வண்டி இந்தியாவுக்கு வந்ததே பட்டாளத்தால்தான். எல்லையில் ரோந்து சுற்றுவதற்காக 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்திடம் 350 சிசி புல்லட்டுகளை இந்திய அரசு வாங்கியது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்த நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. பிறகு திருவொற்றியூர் தொழிற்சாலையில் முழு வண்டியுமே இங்கே தயாரானது. இங்கிலாந்தில் அந்தத் தொழில் மூடிப்போன பிறகும் திருவொற்றியூரில் வண்டி வந்துகொண்டே இருந்தது. இதெல்லாம் கம்பெனி வரலாறு, எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். அந்த வண்டியில் யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்கிற வரலாறு அந்தப் புத்தகங்களில் கிடையாது.

பெரியப்பா 1973-ல் பென்ஷனோடு திரும்பினார். வந்ததும் ஒரு சைக்கிள் வாங்கினார். பஸ் ரோட்டுக்குப் போக ஊர்த் தெருவைத் தாண்டித்தான் ஆகணும். தெரு முனையில் இறங்கி, கோயிலையும் பெரிய வீடுகளையும் தாண்டும்வரை தள்ளிக்கொண்டு போய், அந்தப் பக்க முனையில்தான் ஏறணும். எல்லையில புல்லட் ஓட்டுன மனுசன் சொந்த ஊர்ல சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போனார். நான் சின்னப் பிள்ளையாக அவர் பின்னால் நடந்திருக்கிறேன். அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

வண்டிக்கும் சாதிக்கும் உள்ள சண்டை எங்கள் ஊரில் தொடங்கினதில்லை. 1893-ல் திருவிதாங்கூரில் அய்யன்காளி ஒரு வில்லுவண்டி வாங்கினார். புலையர்கள் நடக்கவே கூடாத பொதுச்சாலையில் அந்த மாட்டு வண்டியை ஓட்டிப் போனார். சட்டம் வந்து அவருக்கு வழி விடவில்லை, சக்கரம்தான் வழி போட்டது.

1929-ல் சாளிஸ்காவில் அண்ணல் அம்பேத்கருக்கு நடந்ததை ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும். அவரை அழைத்துப்போக வந்த மகார் மக்கள் குதிரை வண்டி தேடினார்கள். தீண்டப்படாதவரை ஏற்றி ஓட்ட எந்த வண்டிக்காரனும் சம்மதிக்கவில்லை. விருந்தாளியை நடத்திக் கூட்டிப்போக மனமில்லாத அம்மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, தங்களில் ஒருவரையே ஓட்டச் சொன்னார்கள். அவருக்கு ஓட்டிப் பழக்கமில்லை. பாலத்தில் சக்கரம் சிக்கியது. அண்ணல் தூக்கி எறியப்பட்டார், கால் எலும்பு முறிந்தது.

பெரியப்பா இந்தக் கதையை அடிக்கடி சொல்லுவார். சொல்லி முடித்து ஒன்றைச் சேர்ப்பார்: "வண்டி மட்டும் இருந்தா பத்தாதுடா. ஓட்டுற கையும் நம்ம கையா இருக்கணும். நின்னுபோனா பிரிச்சிப் போட்டு மாட்டுற கையும் நம்ம கையா இருக்கணும்."

1993-ல் அவர் ஒரு பழைய இரும்புக் கடையில் புல்லட் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். எஞ்சின் இறுகிப்போன வண்டி. விலை 3,000 ரூபாய். முதலில் அவர் பார்த்தது ஆர்.சி. புத்தகத்தைத்தான். எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். "நம்மகிட்ட வண்டி இருந்தா முதல் கேள்வி 'திருட்டு வண்டியா'ன்னுதான் வரும். காகிதம் சுத்தமா இருக்கணும்" என்றார். மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம்.

வேலை வாசலில்தான் நடந்தது. பட்டறையில் விடப் பணமில்லை. பணம் இருந்தாலும் ஊர்க்காரர் பட்டறையில் சேரி வண்டி கடைசியாத்தான் கவனிக்கப்படும். ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, போல்ட்டு நட்டுகளைப் பால்பவுடர் டப்பாக்களில் தனித்தனியாகப் போட்டோம். எந்த டப்பா எந்தப் பாகத்துக்கு என்று நான் சாக்பீஸால் எழுதினேன். பேக்கிங் கடையில் வாங்கவில்லை. எஞ்சின் மூடியின் மேல் கெட்டித்தாளை வைத்து ஓரத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி நாங்களே வெட்டிக்கொண்டோம். பாயிண்ட் எப்போது திறக்கிறது என்று பார்க்க ஒரு மெல்லிசுத் தாளை இடையில் வைத்து இழுப்பார். தாள் எந்த நொடியில் நழுவுகிறதோ அதுதான் டைமிங்.

வீட்டில் செய்யக் கூடாததும் உண்டு. சிலிண்டரை வேலூர் லேத்துக்குக் கொண்டுபோய் போரிங் போட்டோம். பிரேக் ஷூவும் டயரும் புதுசாகவே வாங்கினோம். "ஓடாத வண்டி ஒண்ணும் பண்ணாது. நிக்காத வண்டி ஆளைக் கொல்லும். அங்க மட்டும் கஞ்சத்தனம் கூடாது" என்பார்.

கணக்கு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. வண்டி 3,000. போரிங், பிஸ்டன், ரிங் 600. டயர், டியூப், பிரேக் ஷூ 900. செயின், கிளட்ச் பிளேட் 450. பழைய பேட்டரி, வயர் 300. பெயின்ட் 110. மொத்தம் 5,360 ரூபாய். முடிக்க எட்டு மாசம் ஆச்சு, ஏன்னா பென்ஷன் மாசத்துக்கு ஒரு தடவைதான் வரும்.

வண்டியின் உருவத்தையும் மாற்றினோம். மட்கிப்போன பின் மட்கார்டை வெட்டிக் குறுக்கினோம். தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்த சித்தப்பா கழிவுத் தோல் துண்டுகளைக் கொண்டுவந்து நீளமான சீட் தைத்தார். பின்னால் சாய்ந்து உட்காரக் கம்பி வைத்தோம், பழைய சைக்கிள் கேரியரில் வளைத்தது. அது அழகுக்கு வைத்தது இல்லை. எங்கள் தெருவில் பிரசவ வலி வந்தால் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு பஸ் ரோட்டுக்கு ஓடுவார்கள். சாய்ந்து உட்கார ஒரு இடம் வேண்டும் என்று கேட்டது பெரியம்மா.

இளவட்டங்கள் சைலன்சரைப் பிரித்துச் சத்தத்தைக் கூட்டச் சொன்னோம். பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. எஞ்சினுக்கு என்ன நோவு என்று காதால்தான் தெரியும், வெறும் இரைச்சலில் அது கேட்காது என்றார். கொசு மருந்து அடிக்கிற ஃபிளிட் பம்பில் நீலப் பெயின்டைக் கரைத்து ஊற்றி நான்தான் அடித்தேன். டேங்கில் 'ஜெய் பீம்' என்று எழுதப் பிரஷ்ஷை எடுத்தேன். "முதல்ல ஓடட்டும்டா, அப்புறம் எழுது" என்று சிரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டினோம். அவர் முன்னால், நான் பின்னால். தெரு முனை வந்தது. இறங்கவில்லை. கோயிலுக்கு நேரே வந்தபோது எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோச்சு.

திண்ணையில் பத்துப் பேர் இருந்தார்கள். யாரும் பேசவில்லை. எனக்கு வயிறு கலங்கியது. பெரியப்பா இறங்கினார். பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துத் தரையில் குந்தி, கார்புரேட்டர் ஜெட்டைக் கழற்றி வாயால் ஊதினார். டேங்கின் உள்துரு வந்து அடைத்திருந்தது. மாட்டினார். அதே இடத்தில் திரும்ப ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தி, அம்மீட்டர் முள் சாய்ந்து நடுவுக்கு வரும்வரை பொறுத்தார். டீகம்ப்ரஸ்ஸரைப் பிடித்து இன்னும் ஒரு இழை தள்ளினார். கிக்கர் மேலே வந்ததும் ஒரே மிதி. கிளம்பிடுச்சு.

இருபது வருசமாக அந்தத் தெருவில் இறங்கினவர், அங்கேயே ஏறினது அன்றைக்குத்தான்.

வெற்றிக் கதையாக இதை முடித்தால் அது பொய். அடி விழவில்லை. ஆனால் அந்தப் போக நடவுக்கும் அறுப்புக்கும் எங்கள் தெருப் பெண்களை ஊர்க்காரர்கள் கூப்பிடவில்லை. பெண்கள் அடுத்த ஊருக்கு நடந்துபோய்க் கூலி பார்த்தார்கள். பெரியம்மா கேட்டார்: "ஏறுனது நீங்க, எறங்குனது எங்க கூலி. உன் நோட்டுல இதை எழுதுனியா?" எழுதவில்லை. 5,360 ரூபாய்க் கணக்கில் அந்த நடை இல்லை. விடுதலைக் கணக்கு எழுதுகிற ஆண்கள் எல்லாரும் விட்டுவிடுகிற வரி அது. மறு வருசம் அந்த சீட்டில் சாய்ந்துகொண்டு இரண்டு பெண்கள் பிரசவத்துக்குப் போனார்கள். அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

1989-ல் இயற்றப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வண்டி பற்றித் தனியாக எதுவும் இல்லை. 2015-ல் திருத்தி, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த பிறகுதான், பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று பெயர் சொல்லி எழுதப்பட்டது. ஒரு நாட்டின் சட்டம் சைக்கிளைப் பெயர் சொல்லிக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்றால் அந்த நாட்டுத் தெருக்கள் எப்படிப்பட்டவை என்று யோசியுங்கள். சட்டம் வந்தும் நிற்கவில்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று புகார் பதிவானது. வெட்டினது கைகளை என்பதைக் கவனியுங்கள்.

பெரியப்பா இப்போது இல்லை. வண்டி ஓடுது. அக்கா மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "மாமா, அந்த ஜெட்டு எங்க இருக்குது, காட்டு" என்றான். ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். அவன் தங்கச்சியும் வந்து பக்கத்தில் குந்தினாள். அவள் கையிலும் ஒன்று கொடுத்தேன்.