கோப்பிக் காலம்: குடிப்பதற்கு முன்பே கொடுத்த விலை

காப்பி உடலுக்கு நல்லதா, கெட்டதா என்ற வினா வார இதழ்களின் மருத்துவப் பக்கங்களில் ஆண்டுக்கு இருமுறையேனும் தலைகாட்டிவிடுகிறது. ஒருமுறை நெஞ்சுக்கு ஆகாது என்பார்கள். மறுமுறை கல்லீரலுக்கு உகந்தது என்பார்கள். இவ்விவாதங்கள் யாவும் டம்ளரைக் கையில் ஏந்தியவரின் உடலைப் பற்றியவை. தமிழரின் உடலுக்கும் காப்பிக்குமான பெருந்தொடர்போ டம்ளரில் தொடங்கவில்லை. காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கைப் பக்கத்து வானம் பார்த்த பூமியில் காப்பி குடிக்கும் வழக்கம் பரவுவதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்னரே, அம்மண்ணின் மக்கள் காப்பிக்காகக் கடல் கடந்தனர். பலர் காப்பிக்காக மாண்டும் போயினர். அப்பழைய கணக்கையும் சேர்த்துப் பார்ப்பதே நமது நோக்கம்.

கண்டி அரசு 1815 இல் ஆங்கிலேயர் வசமானது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் கம்பளைப் பக்கத்திலும் கண்ணொறுவையிலும் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸே ஒரு தோட்டக்காரர் என்றால் அரசின் ஆதரவு எத்தகையது என்று சொல்ல வேண்டியதில்லை. மேற்கிந்தியத் தீவுகளில் 1834 இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும் அங்கே காப்பி விளைச்சல் சரிந்தது. இலண்டனுக்குக் காப்பி வேண்டியிருந்தது, கண்டி மலைகளில் நிலம் இருந்தது, ஆள்தான் இல்லை. அந்த ஆள், மன்னார்க் கடலுக்கு இப்பால் பஞ்சத்தில் வாடிக்கொண்டிருந்தார்.

இராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்கள், மதுரை, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி வட்டாரங்களிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டிச் சென்றனர். தொண்டி, பாம்பன் முதலிய துறைகளில் தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கினால், அங்கிருந்து கால்நடைதான். தண்ணீர் அரிதான வடகாடு, மிகிந்தலை, தம்புள்ளை, அப்பால் மாத்தளை என்று பல நாள் நடை. வழியில் கிடைத்த குட்டை நீரே குடிநீர். வாந்திபேதி, மலைக்காய்ச்சல், சீதபேதி, பெரியம்மை ஆகியவை வழி நெடுகக் காத்திருந்தன. விழுந்தவரை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள்.

1841 முதல் 1849 வரை சுமார் 70,000 பேர், அதாவது வந்தவர்களில் நான்கில் ஒருவர், இறந்திருக்கக்கூடும் என்று 'கொழும்பு அப்சர்வர்' ஏடு 1849 இல் கணக்கிட்டது. அது மிகை என்று அப்போதே மறுத்தவர்களும் உண்டு. பாதியைத் தள்ளிவிட்டாலும் மிஞ்சுவது சிறிய எண்ணன்று.

வாந்திபேதி அசுத்த நீரால் பரவுகிறது என்பதை இலண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோ 1854 இல் காட்டினார். கொதிக்க வைத்த நீரில் அந்நோயின் கிருமி பிழைப்பதில்லை. காப்பி அருந்தும் எவரும், அறிந்தோ அறியாமலோ, கொதித்த நீரையே அருந்துகிறார். ஆக, இலண்டனில் காப்பி குடித்தவரின் கோப்பையில் நோய்க் கிருமி இல்லை. அந்தக் காப்பியைப் பறிக்க நடந்து போனவரோ குட்டை நீரைக் குடித்து மடிந்தார். காப்பியின் உடல்நலப் பயன்களைப் பட்டியலிடும் கட்டுரைகள் எதிலும் இதை நாம் கண்டதில்லை.

இதே செட்டிநாட்டிலிருந்து மற்றொரு கூட்டமும் அதே கடலைக் கடந்தது. நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கொழும்பில் கடை வைத்துவிட்டனர். செட்டியார் தெரு என்ற பெயரும் அங்குள்ள கதிரேசன் கோயில்களும் அதற்குச் சான்று. பெருந்தோட்டத் துரைமார்களுக்கு ஐரோப்பிய வங்கிகளும் முகவர் நிறுவனங்களும் கடன் கொடுத்தன. அவ்வங்கிகளிடம் கடன் பெற்று, அதைச் சிறு தோட்டக்காரர்க்கும் வணிகர்க்கும் வட்டிக்கு விட்டவர்கள் செட்டியார்கள். தோட்டத் தொழிலாளர் உண்ட இறக்குமதி அரிசியின் வணிகத்திலும் பெரும்பங்கு அவர்களுடையதே. ஓர் ஊரின் ஒரு வீதியிலிருந்து ஒருவர் கணக்கேட்டுடனும், அடுத்த வீதியிலிருந்து மற்றவர் கம்பளியுடனும் புறப்பட்டனர் என்று சொன்னால் அது கற்பனையாகாது. செட்டிநாட்டு வரலாறு எழுதுவோர் முதலாமவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றனர். இரண்டாமவர் வீடு கட்டவில்லை. ஆகவே அவரைக் காண்பது அரிதாக இருக்கிறது.

அவரைப் பற்றிய அச்சுப் பதிவு அறவே இல்லை என்று கூறிவிட முடியாது. ஆபிரகாம் ஜோசப் என்பவர் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869 இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளிவந்தது. காப்பி பயிரிடும் முறையைக் கும்மிப் பாட்டில் கூறும் நூல் அது. தொழிலாளியின் கண்ணால் அன்றித் தோட்ட நிர்வாகத்தின் கண்ணால் எழுதப்பட்டது; எனினும் அந்த உலகை நமக்குக் காட்டும் அரிய சாளரம். இலங்கைத் தமிழில் காப்பிக்கு இன்றும் 'கோப்பி' என்றே பெயர்.

விந்தை என்னவெனில், அதே 1869 ஆம் ஆண்டில்தான் இலங்கையில் காப்பி இலைகளின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொடி படிவது கவனிக்கப்பட்டது. இலைத்துரு நோய்! அதற்குக் காரணமான பூஞ்சைக்கு அறிவியலார் சூட்டிய பெயர் 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்'. பின்பாதிக்குப் பாழாக்குவது என்று பொருள். பெயருக்கேற்பப் பதினைந்தே ஆண்டுகளில் அத்தொழிலைப் பாழாக்கியது. தோட்டக் கடன்கள் முழுகின. கொழும்பில் கோலோச்சிய ஓரியண்டல் வங்கி 1884 இல் கதவை மூடியது. நகரத்தார் முதலீடோ பின்னர் பர்மாவில் பெருகிற்று.

கூலிக்குப் போனவருக்கு நேர்ந்தது வேறு. காப்பி பருவப் பயிர். பறிப்புக் காலத்தில் போய், முடிந்ததும் ஊர் திரும்பலாம். அதனிடத்தில் வந்த தேயிலை ஆண்டு முழுதும் கொழுந்து விடுவது. ஆகவே போனவர்கள் குடும்பத்தோடு லயங்களில் தங்க நேர்ந்தது. தங்கியவர்களின் வழித்தோன்றல்கள் 1948 இல் குடியுரிமை இழந்தனர். 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. ஓர் இலைப் பூஞ்சை இத்தனை தூரம் வேர் விட்டது.

இனிக் குடித்தவர் கதைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான் தமிழ் நடுத்தர வர்க்கத்து வீடுகளில் நீராகாரமும் பழையதும் இருந்த இடத்தில் காப்பி வந்து அமர்ந்தது. வந்ததுமே எதிர்ப்பும் எழுந்தது. கள்ளைப் போன்ற போதை, பசியைக் கெடுப்பது, பெண்களைச் சோம்பேறிகளாக்குவது என்றெல்லாம் எழுதினார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூல் இதைச் சுவைபட ஆராய்கிறது. அக்கால நூல்களும் இதழ்களும் பலவாக இன்று நமக்கு எஞ்சியிருப்பதற்குக் கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பு ஒரு முக்கியக் காரணம் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். காந்தியடிகளும் உடல்நலம் பற்றிய தம் நூலில் தேநீர், காப்பி, கோகோ மூன்றையும் தேவையற்றவை என்றே ஒதுக்கினார்.

அந்த அச்சங்கள் என்னவாயின? பெரும்பகுதி தலைகீழாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1991 இல் காப்பியைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயுடன் தொடர்புபடுத்தி, ஐயத்துக்குரிய பட்டியலில் வைத்தது. 2016 இல் போதிய சான்று இல்லை என்று அதிலிருந்து நீக்கிவிட்டது. ஆனால் அதே அறிக்கை, 65 டிகிரி செல்சியசுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயைத் தூண்டக்கூடும் என்றது. குற்றவாளி காப்பியன்று, சூடு. டவராவில் ஊற்றி ஆற்றிக் குடிக்கும் நம் பழக்கத்தை இனி யாரும் பட்டிக்காட்டுத்தனம் என்று நகைக்க வேண்டாம்.

கல்லீரல் நோயும் இரண்டாம் வகை நீரிழிவும் காப்பி குடிப்போரிடம் குறைவாகவே காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. காஃபீன் நீக்கிய காப்பியைக் குடிப்போரிடமும் நீரிழிவு குறைவாகவே இருப்பதால் அதற்குக் காரணம் காஃபீன் அன்று என்று ஊகிக்கலாம். காப்பிதான் காரணம் என்பதே இன்னும் உறுதியாகவில்லை என்பது வேறு. டம்ளருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை போடுபவர்கள் இந்த ஆய்வுகளைத் துணைக்கு அழைக்காதிருப்பது நலம்.

1819 இல் ரூங்கே என்ற ஜெர்மானிய வேதியியலார் பிரித்தெடுத்த காஃபீன், உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும்; கருவுற்ற பெண்களுக்கு இன்னும் மிகுதி. நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை பெரியவர்களுக்குத் தீங்கில்லை, கருவுற்றோர்க்கு 200 தான் எல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015 இல் வரையறுத்தது. உணவோடு சேர்த்துக் குடித்தால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைக் காப்பி தடுக்கிறது. இரத்தசோகை மலிந்த நம் நாட்டில், பலகாரமும் காப்பியும் ஒன்றாகவே வர வேண்டும் என்ற வழக்கத்தைச் சற்றே தளர்த்தலாம். சிக்கரியில் காஃபீன் கிடையாது. கலப்புத் தூளில் காப்பி 51 விழுக்காடாவது இருந்தால் போதும் என்பது நம் நாட்டு விதியாதலால், நாம் காப்பி என்று குடிப்பதில் ஏறத்தாழ பாதி வேர்த்தூளாகவும் இருக்கலாம்.

பெயர் மட்டும் எங்கும் பரவிவிட்டது. காய்ச்சல் கண்டால் சுக்கு, மல்லி, கருப்பட்டி இட்டுக் கொதிக்க வைக்கிறோமே, காப்பிக்கொட்டை ஒன்றுகூட இல்லாத அந்தக் கஷாயத்துக்கும் 'சுக்குக் காப்பி' என்றுதான் பெயர்.